டீச்சர்மார் லெப்டொப் மாற்றுவது யாருடைய அவசரத்துக்கு?

நீளமான பதிவு. லெப்டொப் மாற்ற நினைக்கும் ஆசிரியர்கள் முழுவதையும் வாசித்துவிட்டுக் கடைக்குப் போங்க. கடை வைத்திருப்பவர்கள் கோபிக்காமல் வாசிங்க.

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று எந்தப் பக்கத்து ஆசிரியர் ஓய்வறையிலும் இப்ப இந்தப் பேச்சுத்தான்: "என்ட லெப்டொப் இனிச் சரிவராதாம், புதுசு எடுக்கணுமாம்." யார் சொன்னது என்று கேட்டால், கடையில் சொன்னார்களாம். விற்கிறவரிடம் போய் "வாங்கணுமா?" என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்?

கடைகள் காட்டும் காரணம் விண்டோஸ் 10. மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு அதற்கான வழமையான ஆதரவை நிறுத்தியது உண்மை. ஆனா அன்றோடு எந்த லெப்டொப்பும் மௌத்தாகிவிடவில்லை. புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, அதுதான் விஷயம். அதற்கும் சாதாரண பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீடிப்பு இருக்கிறது. மைக்ரோசொப்ட் கணக்கொன்றால் உள்நுழைந்து, செட்டிங்ஸை அதிலே சேமிக்க ஒப்புக்கொண்டால் காசும் கட்டத் தேவையில்லை. இதைச் சொல்லித்தந்த கடை எத்தனை? சொல்லாமலேயே புதுசைத் தூக்கி மேசையில் வைத்த கடை எத்தனை?

முதலில் நம்மட வேலை என்ன என்று பாருங்க. வினாத்தாள் அடிக்கிறோம், புள்ளிப்பட்டியல் போடுகிறோம், பாடக்குறிப்பு எழுதுகிறோம், வலயத்துக்குத் தரவு அனுப்புகிறோம். இடைக்கிடை ஸூம், புரொஜெக்டரில் ஒரு வீடியோ. இதற்குப் பெரிய மெஷின் தேவையில்லை. உங்கட லெப்டொப் ஆமை மாதிரி இழுபடுவதற்குப் பெரும்பாலும் காரணம் உள்ளே சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். அதைக் கழற்றிவிட்டு 256 ஜீபி எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, ரேமை 8 ஜீபியாக்கினால் இன்னும் சில வருஷம் உழைக்கும். புதுசின் விலையில் ஒரு சிறு பங்குதான் செலவாகும். கடைக்காரருக்கு அதில் இலாபம் குறைவு. அதனால்தான் அந்தக் கதை வருவதில்லை.

சரி, மாற்றித்தான் ஆகணும் என்றால்?

இங்கேதான் நம்மட ஆட்கள் ஏமாறுகிறார்கள். "புதுசு, பெட்டி பிரிக்காதது" என்ற சொல்லுக்கே ஒரு மயக்கம். செலரோன் என்4020, 4 ஜீபி ரேம், 64 ஜீபி இஎம்எம்சி என்று எழுதியிருக்கும். மினுமினுக்கும், பாரமில்லை, விலையும் கைக்கெட்டும். ஆனா அந்தச் சில்லில் இருப்பது இரண்டே கோர். ரேமும் சேமிப்பும் பெரும்பாலும் போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கும், பிறகு கூட்டவும் முடியாது, மாற்றவும் முடியாது. விண்டோஸும் அதன் அப்டேட்டுகளும் சேர்ந்தே அந்த 64 ஜீபியை விழுங்கிவிடும். வாங்கி ஒரு வருஷத்தில் "டிஸ்க் நிறைந்துவிட்டது" என்று வந்து நிற்கிற டீச்சர்மார் எல்லாப் பாடசாலையிலும் இருக்கிறார்கள்.

அதே காசுக்கு, அல்லது அதைவிடக் குறைவாக, வெளிநாட்டுக் கொம்பனிகள் மூன்று நான்கு வருஷம் பாவித்துக் கழித்த அலுவலக லெப்டொப்புகள் கிடைக்கின்றன. லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லட்டிட்யூட் 7490, எச்பி எலைட்புக் 840 ஜீ5 போன்றவை. எல்லாம் 2018ஐ ஒட்டி வந்தவை, 8ஆம் தலைமுறைச் சில் உள்ளவற்றில் விண்டோஸ் 11 முறையாக ஓடும். டி480இல் ரேமுக்கு இரண்டு இடம், வெளியிலிருந்தே கழற்றி மாற்றக்கூடிய பெற்றரி. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாஸா வரை போகத் தேவையில்லை, நம்மட ஊர்க் கடைகளிலேயே கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

"பழசை வாங்கினால் என்ன நினைப்பாங்க?" என்று ஒரு வெட்கம் இருக்கிறது. அந்த வெட்கத்துக்குத்தான் நாம் அதிக விலை கொடுக்கிறோம். பிள்ளைகள் உங்கட லெப்டொப்பின் மூடியைப் பார்த்துப் படிப்பதில்லை.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை:

1. "ஐ5" என்ற சொல்லோடு நிற்காதீங்க. பின்னால் உள்ள இலக்கத்தைக் கேளுங்க. ஐ5-7200யூ என்றால் 7ஆம் தலைமுறை, இரண்டு கோர், விண்டோஸ் 11இன் பட்டியலில் இல்லை. ஐ5-8250யூ என்றால் 8ஆம் தலைமுறை, நான்கு கோர், பட்டியலில் இருக்கிறது. இரண்டையும் ஒரே "ஐ5" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள்.

2. பெற்றரி அறிக்கையை எடுத்துக் காட்டச் சொல்லுங்க. விண்டோஸிலேயே அந்த வசதி இருக்கிறது. புதுசில் இருந்த கொள்ளளவும் இப்போதைய கொள்ளளவும் பக்கத்தில் பக்கத்தில் வரும். பாதிக்குக் கீழே என்றால் புதுப் பெற்றரியின் விலையைக் கழித்துப் பேசுங்க.

3. நாம் இருப்பது ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். உப்புக்காற்று இரும்பையே தின்னும். யூஎஸ்பி துளைகளையும் ஆணிகளையும் டோர்ச் அடித்துப் பாருங்க. துருவோ பச்சையோ பிடித்திருந்தால் கையை எடுங்க.

4. பயோஸ் பாஸ்வேர்ட் இல்லை என்று ஓன் பண்ணிக் காட்டச் சொல்லுங்க. மூடியை நாலு தரம் திறந்து மூடிப் பாருங்க. கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தையும் அடித்துப் பாருங்க.

5. கள்ள விண்டோஸ், கள்ள ஒபிஸ் போட்டுத் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்க. இந்த அலுவலக லெப்டொப்புகளில் பெரும்பாலும் அசல் விண்டோஸ் உரிமம் போர்டிலேயே பதிந்திருக்கும். ஒபிஸுக்குப் பதில் லிப்ரே ஒபிஸ் இலவசம். நம்மட வினாத்தாள் கிடக்கிற மெஷினில் யாரோ உடைத்த மென்பொருளை ஓட விடுவது, பரீட்சைத் தாளைச் சந்தியில் வைத்துவிட்டு வருவது மாதிரி.

இனித் தவணைக்கு வருவோம். "அரச ஊழியர்களுக்கு மாத்திரம், கையில் காசு தேவையில்லை" என்று போஸ்ட் போடுகிறார்களே, அதை ஒரு கணக்காகப் பாருங்க. ஒரு உதாரணத்துக்கு 150,000 ரூபா லெப்டொப், மாதம் 8,500 ரூபா, 24 மாதம். மொத்தம் 204,000. 54,000 ரூபா கூட. "வருஷத்துக்கு 18 வீதம்தானே" என்பார்கள். ஆனா நீங்க மாதாமாதம் கடனைக் குறைத்துக்கொண்டு வருகிறீர்கள், அவர்கள் கடைசி மாதம் வரை முழு 150,000க்கும் கணக்குப் பார்க்கிறார்கள். குறைகிற மீதிக்குக் கணக்குப் பார்த்தால் அது 30 வீதத்தைத் தாண்டுகிறது. அதைச் 'சேர்விஸ் சார்ஜ்' என்று எழுதினால் வட்டி வட்டியில்லாமல் போய்விடுமா? பள்ளியில் பயான் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்து, அடுத்த நாள் அதே பத்திரத்தில் கையெழுத்து வைக்கிறோம்.

வழி இல்லையா? இருக்கிறது, நம்மட உம்மாமார் எப்பவோ கண்டுபிடித்தது. சீட்டு. ஓய்வறையில் பத்துப் பேர் மாதம் 10,000 ரூபா போட்டால் ஒவ்வொரு மாதமும் ஒருவருக்கு 100,000. வட்டியும் இல்லை, பத்திரமும் இல்லை. அவசரமாக மெஷின் தேவைப்படுபவருக்கு முதல் சீட்டைக் கொடுங்க.

பழைய லெப்டொப்பைக் கடையில் கொடுத்து விலை கழிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்குள் என்ன இருக்கிறது? பிள்ளைகளின் புள்ளி, விலாசம், பெற்றோரின் போன் இலக்கம், விளையாட்டுப் போட்டியில் எடுத்த பொம்பிளைப் பிள்ளைகளின் படங்கள். இதெல்லாம் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். வெறும் டிலீட் போதாது, அழித்ததைத் திரும்ப எடுக்க மென்பொருள் இருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு மிச்சத்தைக் கொடுங்க.

கடைசியாக, பேசாமல் விடக்கூடாத ஒரு விஷயம். இதையெல்லாம் நாம் ஏன் நம்மட சம்பளத்தில் செய்கிறோம்? 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது ஒன்லைன் வகுப்பை நடத்தியது யாருடைய போன், யாருடைய டாட்டா? 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர் சங்கங்கள் ஒன்லைன் கற்பித்தலிலிருந்து விலகியபோது ஏசினவர்களில் எத்தனை பேர் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள்? 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. லெப்டொப்பின் விலை எங்கேயோ போய்விட்டது. "இன்று பின்னேரத்துக்குள் சொப்ட் கொப்பி அனுப்பவும்" என்ற வட்ஸ்அப் உத்தரவு மட்டும் அப்படியே வந்துகொண்டிருக்கிறது. தச்சனிடம் வேலை வாங்குகிறவர் உளியையும் அவனே கொண்டுவரட்டும் என்று சொல்லலாம், ஆனா கூலியில் உளிக்கும் சேர்த்துத்தான் கொடுப்பார். நமக்கு அதுவும் இல்லை.

பழைய மாணவர் சங்கங்களுக்கும், வெளிநாட்டிலிருந்து உதவுகிற தனவந்தர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஸ்மார்ட் போர்ட் கொடுத்துப் படம் எடுக்கிறீர்கள், அல்லாஹ் பொருந்திக்கொள்ளட்டும். அந்த ஒரு போர்டின் காசில் சில நல்ல பாவித்த லெப்டொப்புகளை வாங்கிப் பாடசாலைப் பொருட்பதிவேட்டில் ஏற்றி வையுங்க. வினாத்தாள் அடிக்கிற டீச்சர் இரவல் எடுத்துப் பாவிக்கட்டும். ரிப்பன் வெட்ட ஒன்றும் இருக்காது, ஆனா தவணைப் பரீட்சை நேரத்துக்கு நடக்கும்.

அதிபர்மார் இதை அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எடுங்க. ஆசிரியர்கள் அதுவரை எந்தத் தவணைப் பத்திரத்திலும் கையெழுத்து வைக்காதீங்க. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்க. கடைக்காரர்களும் எழுதுங்க, விலையோடு.