தன்னியக்கமும் சம்பளக் கணக்கும்

தன்னியக்கம் என்றதும் வணிகர் பலர் முதலில் எண்ணுவது, எத்தனை ஊழியரை வீட்டுக்கு அனுப்பலாம் என்பதையே. மென்பொருளைச் சேவையகங்களில் நிறுவும் பணியைத் தன்னியக்கமாக்குவதன் பயனையும் அவர்கள் சம்பளப் பட்டியலிலேயே தேடுகின்றனர். இதனிலும் குறுகிய நோக்கு வேறில்லை.

அமெரிக்காவில் பங்கு வணிகம் புரிந்த நைற் கப்பிற்றல் நிறுவனத்துக்கு 2012 ஓகஸ்ட் 1ஆம் திகதி நேர்ந்ததை நோக்குக. புதிய செய்நிரலை எட்டுச் சேவையகங்களில் கையால் நிறுவிய ஊழியர் ஒன்றை விட்டுவிட்டார். இன்னொருவர் சரிபார்க்க வேண்டுமென்ற எழுத்து விதியே அங்கு இருக்கவில்லை. சந்தை திறந்ததும், 2003 முதல் பயன்படாது கிடந்த பழைய செய்நிரல் அந்த எட்டாவதில் விழித்துக்கொண்டது. 45 நிமிடங்களில் 40 இலட்சத்துக்கு மேற்பட்ட கொடுக்கல் வாங்கல்கள். நட்டம் 46 கோடி டொலர்! பதற்றத்தில், சரியாக இயங்கிய ஏழிலிருந்தும் புதிய செய்நிரலை நீக்கினர்; அவையும் அதே பிழையைப் புரியத் தொடங்கின. எத்தனை ஆண்டுச் சம்பளத்தை மிச்சம்பிடித்து இதனை ஈடுசெய்வது? எழுதிவைத்த ஒரே ஆணைத்தொடர் எட்டிலும் இயங்கி, எட்டும் ஒத்திருக்கின்றனவா என ஒப்புநோக்கியிருப்பின் இது நேர்ந்திராது.

பொறியும் தவறும் என்பர். உண்மையே. 2024 யூலையில் கணனிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ரைக் அனுப்பிய பழுதான இற்றைப்படுத்தல் ஏறத்தாழ 85 இலட்சம் கணனிகளை முடக்கிற்று. ஆனால் அது படிப்படியாகப் பரப்பப்படாது ஒரேயடியாக அனுப்பப்பட்டது. முதலில் சிலவற்றில் இட்டுச் சோதித்து, பிழை கண்டால் முன்னிலைக்கு மீளும் ஒழுங்கும் தன்னியக்கத்தின் பாற்பட்டதே. அவ்வொழுங்கை வகுத்தெழுதும் ஆற்றல் யாரிடமுண்டு? சம்பளப் பட்டியலிலிருந்து வெட்டப்படவுள்ள அவ்வூழியரிடந்தான்.