கோழிக்கு முன் கூடு

நெசவாளர் இல்லங்களிலும் குடியானவர் இல்லங்களிலும் புழக்கடைக் கோழி பெண்மக்களின் கைமுதலாகும். தறி ஓடாத மாதத்தில் முட்டை விற்ற காசே உப்புக்கும் புளிக்கும் உதவுகின்றது. ஆயினும் குஞ்சு வாங்குவதிற் காட்டும் ஊக்கத்தைக் கூடு கட்டுவதில் நாம் காட்டுவதில்லை. பஞ்சாரத்தைக் கவிழ்த்து மேலே ஒரு கல்லை வைத்தால் காவல் முடிந்ததென எண்ணுகின்றோம். கீரியோ மரநாயோ ஓரிரவு புகுந்துவிட்டால் பல மாத உழைப்பு விடியுமுன் அழிந்துவிடும்.

அறுகோணக் கண்களுடைய மெல்லிய வலை கோழியை உள்ளே நிறுத்துமேயன்றிப் பகையை வெளியே நிறுத்தாது. நாய் அதைக் கிழிக்கும். பாம்பு கண்வழியே நுழையும். அரை அங்குலக் கண்ணுடைய, பற்றவைத்த கம்பி வலையே தக்கது. தோண்டும் பிராணிகளைத் தடுக்க அதனை ஓரடி ஆழம் மண்ணிற் புதைத்தல் வேண்டும். பருந்துக்கு அஞ்சி, கோழி உலவும் முற்றத்திற்கும் மேல்வலை இடுதல் வேண்டும். கூரையடியிற் காற்றுவழி விடுவதும், அந்தியிற் கதவைத் தாழிடுவதும் இன்றியமையாதவை.

"அப்பணத்தில் இன்னும் பத்துக் குஞ்சு வாங்கலாமே" என்பாருளர். காவாத பத்தினும் காத்த நான்கே மேல். ஆதலின், குஞ்சுக்குக் கடன் தரும் சங்கம் கூட்டுக்கும் சேர்த்தே தருதல் வேண்டுமென்பது நம் துணிபு. வலையைச் சுருள் சுருளாக மொத்தமாய் வாங்கி அங்கத்தினர்க்குப் பங்கிட்டால் செலவும் குறையும். கூடில்லாத வீட்டிற்குக் குஞ்சு வழங்கினால், எஞ்சுவது கடன் ஒன்றே. பாவுக்குக் கஞ்சியிடாமல் தறியேற்றுவார் நம்மில் எவருமிலர். கோழி வளர்ப்பிலும் அம்முறைமையே நமக்கு வேண்டும்.