கெர்னல் அழைக்க வேண்டாம், அறிவித்தால் போதும்

கெர்னலில் நேரும் ஒரு நிகழ்வைப் பயனர் நிரலுக்குத் தெரிவிப்பது எப்படி? இக்கேள்வி எழும்போதெல்லாம் ஒரே யோசனை முன்வைக்கப்படுகிறது: நிரலர் ஒரு ஃபங்ஷனைப் பதிவு செய்துவைக்கட்டும், நிகழ்வு நேர்ந்ததும் கெர்னலே அதை அழைக்கட்டும். கால்பேக் எனும் இம்முறை பார்வைக்கு எளியது. ஆயினும் சிக்னல் என்ற பெயரில் யுனிக்ஸ் இதை அரை நூற்றாண்டாகச் சோதித்துப் பார்த்துவிட்டது. கண்ட பலன் தீராத தொல்லையே.

சிக்னல் எந்த நொடியிலும் வரலாம். மேலாக் தன் நினைவகப் பட்டியலைப் பாதி திருத்தியிருக்கும் வேளையில் கெர்னல் குறுக்கிட்டு ஹேண்ட்லரை ஓட்டும். ஹேண்ட்லரும் மேலாக்கை அழைத்தால் பட்டியல் சிதையும். அல்லது நிரல் தான் இட்ட பூட்டுக்குத் தானே காத்துக்கிடக்கும். எனவேதான் ஹேண்ட்லருக்குள் அழைக்கத்தக்கவை எவை எனப் போசிக்ஸ் ஒரு தனிப்பட்டியல் தந்துள்ளது. பிரிண்ட்எஃப் அதில் இல்லை. நம் ஆய்வக ரெக்கார்டுகளிலோ ஹேண்ட்லரின் முதல் வரியே பிரிண்ட்எஃப். அதற்கு முழு மதிப்பெண் வேறு!

இதை ஏட்டளவிலான பிழை என்போர் 2024 ஜூலையில் வெளியான ஓப்பன்எஸ்எஸ்எச் பாதுகாப்புக் குறையை எண்ணிப் பார்க்க வேண்டும். உள்நுழைவுக் கெடு முடிந்ததும் ஓடும் சிக்னல் ஹேண்ட்லர் சிஸ்லாகை அழைத்தது. லினக்ஸின் கிளிப்சி நூலகத்தில் சிஸ்லாக் நினைவக ஒதுக்கீட்டைத் தொடும். கடவுச்சொல் இன்றியே வெளியாள் ரூட் அதிகாரம் பெற அது வழிவிட்டது. 2006இல் அடைக்கப்பட்ட ஓட்டை, 2020இல் செய்த ஒரு திருத்தத்தால் மீண்டும் திறந்துகொண்டது. பாதுகாப்பையே தொழிலாகக் கொண்டோர் இரு முறை இடறினர் எனில், குற்றம் இடைமுகத்தின்மீதே சாரும்.

மாற்று வழி புதிதன்று. கெர்னல் நிகழ்வை வரிசையில் இடட்டும். நிரல் தனக்கு உகந்த வேளையில் எடுத்துக்கொள்ளட்டும். ஃப்ரீபிஎஸ்டியின் கேகியூ 2000இலேயே இதைச் செய்தது. லினக்ஸில் ஈபோல் தொடர்ந்தது. 2007இல் வந்த சிக்னல்எஃப்டி, சிக்னலையே படித்தறியும் தரவாக்கியது. வேகம் குறையும் என்ற வாதத்துக்கு 2019இல் வந்த ஐஓ யூரிங் விடையளித்தது: கெர்னலும் நிரலும் பகிரும் வளைய வரிசையில் முடிவுகள் வந்து சேர்கின்றன, ஒவ்வொன்றையும் எடுக்கத் தனி சிஸ்டம் கால் தேவையில்லை.

பேஜ் ஃபால்ட் போன்றவை காத்திருக்குமா என்ற கேள்வி நியாயமானது. ஃபால்ட் நேர்ந்த த்ரெட் நிற்கத்தான் வேண்டும். ஆனால் அதைத் தீர்க்கும் பணியை மற்றொரு த்ரெட் இயல்பாகப் படித்துச் செய்யலாம் என்பதை 2015இன் யூசர்ஃபால்ட்எஃப்டி காட்டியது. கால்பேக்கின் வசதி வேண்டுவோர்க்கு லிப்யூவி போன்ற நூலகங்கள் வரிசையின் மேல் அதைக் கட்டித் தருகின்றன. அதன் இடம் அங்கேதான்.

இயங்குதளப் பாடத்தில் சிக்னல் நீடிக்கட்டும்; ஆனால் எச்சரிக்கைப் பாடமாக நீடிக்கட்டும். ஹேண்ட்லருக்குள் பிரிண்ட்எஃப் எழுதிய விடைத்தாளுக்கு இனியேனும் மதிப்பெண் குறைக்கப்பட வேண்டும். ஏன் குறைந்தது என்பதும் மாணவருக்குச் சொல்லப்பட வேண்டும்.