சின்ன மீனுக்கு நீளக் கம்புதான்!

முதல்லயே சொல்லிடறேன். குளக்கரையில் நின்று கையளவு மீன் பிடிக்க வேண்டுமென்றால், வாங்க வேண்டியது நீளமான, எடை குறைந்த, விறைப்பான கம்பு. ரீல் வேண்டாம். ஆறடி, ஏழடிக் கம்பு வேண்டாம். "சின்ன மீன்தானே சார், சின்னதா, நல்லா வளைஞ்சு குடுக்கிற மாதிரி ஒண்ணு போதும்" என்று யாராவது சொன்னால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். விற்பவருக்கு அது போதும், மீனுக்குப் போதாது :)

பொட்டி தட்டுவதற்காகக் கொல்கத்தா வந்து சேர்ந்தவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் சோனார்ப்பூர், பாருய்ப்பூர் பக்கம் குளங்களைத் தேடிப் போவது வழக்கம். அங்கே திரும்பத் திரும்பப் பார்க்கிற காட்சி ஒன்று உண்டு. புதுப் பை, புது ரீல், ஏழடிக் கண்ணாடி இழைக் கம்பு, டப்பா நிறைய பிளாஸ்டிக் மீன்களோடு இளைஞர்கள் வருவார்கள். பக்கத்தில் மூங்கில் கம்போடு குந்தியிருக்கும் தாத்தாவைப் பார்த்து ஒரு நமுட்டுச் சிரிப்பு. மதியத்துக்குள் தாத்தாவின் பையில் குழம்புக்கு ஆகிற அளவு திலேப்பியா இருக்கும் (நம்மூரில் ஜிலேபி கெண்டை என்போமே, அதேதான்). இளைஞர்களின் முள்ளில் ஆகாயத்தாமரை இருக்கும்.

தாத்தா கையில் இருப்பதற்கு இங்கே 'ஹாத் சிப்' என்று பெயர். கைத்தூண்டில். ரீல் வைத்தது 'ஹுயில் சிப்', அதாவது வீல் தூண்டில். கட்லா, ரோகு மாதிரி பெரிய மீனுக்கு வீல், திலேப்பியா, பனையேறிக் கெண்டை மாதிரி சின்ன மீனுக்குக் கை என்று வங்காளிகள் எப்போதோ பிரித்துவிட்டார்கள். நாம்தான் எல்லாவற்றுக்கும் ஒரே 'ஆல்ரவுண்டர்' கம்பு வாங்குகிறோம். ஆல்ரவுண்டர் என்பது கிரிக்கெட்டில் இருக்கலாம், தூண்டிலில் கிடையாது.

ஏன் நீளம்? சின்ன மீன் திறந்த தண்ணீரில் உலாத்தாது. அதைத் தின்ன ஊரே காத்திருக்கிறது. அதனால் ஆகாயத்தாமரை ஓரம், தாமரை இலைகளின் நடுவே, மூழ்கிக் கிடக்கிற மரக்கிளை அருகே ஒண்டிக்கொண்டிருக்கும். இலைகளுக்கு நடுவே ஒரு தட்டு அகலத்துக்குத் தண்ணீர் தெரியும். அதற்குள் இரையை வீசி எறிந்து விழவைக்க முடியுமா? பத்தில் ஒன்பது முறை இலையில் விழும். 15 அடிக் கம்பு இருந்தால் எறியவே வேண்டாம். நேராக மேலே கொண்டுபோய் மெதுவாக இறக்கினால் போதும்.

ஏன் விறைப்பு? மீன் மாட்டியதும் முதல் வேலையாக வேருக்குள் ஓடும். அதற்குள் மேலே தூக்கிவிட வேண்டும். நெளிகிற கம்பில் நீங்கள் ஓரடி தூக்கினால் அந்த ஓரடியும் வளைவிலேயே கரைந்துவிடும், நுனி அசைய நேரமாகும். மீன் அதற்குள் வேரைச் சுற்றியிருக்கும். அப்புறம் இழுத்து அறுப்பதுதான் வழி. அறுந்த தங்கூஸும் முள்ளும் குளத்திலேயே தங்கிவிடும். நைலான் சீக்கிரம் மக்காது. நீர்க்காகமும் நாரையும் அதில் கால் சிக்கிச் சாகும். தப்பான கம்பு வாங்குவது உங்கள் சொந்தக் காசு விவகாரம் மட்டுமில்லை சாமி.

ஏன் எடை குறைவு? சின்னக் கணக்குதான். கம்பின் நுனியில் 10 கிராம் கூடுகிறது என்று வையுங்கள். 450 செ.மீ. நீளக் கம்பில் அந்த 10 கிராமைச் சமன் செய்ய, 10 செ.மீ. அகலமுள்ள உங்கள் உள்ளங்கை சுமார் 450 கிராம் அழுத்தம் கொடுக்க வேண்டும். மூன்று மணி நேரம் பிடித்துப் பாருங்கள், மணிக்கட்டு சொல்லும். ஆகவே மொத்த எடையை மட்டும் பார்க்காதீர்கள். நுனிப்பக்க எடைதான் எதிரி.

இது வெறும் வங்காளத்துக் குளக்கரை ஞானம் என்று நினைப்பவர்கள் அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே கிராப்பி என்று ஒரு மீன், வெள்ளை, கறுப்பு என இரண்டு இனம். அதுவும் உள்ளங்கை, முழங்கை அளவுதான். முங்கிய மரங்களை ஒட்டியே நிற்கும். டென்னசியில் ரீல்ஃபுட் ஏரி இருக்கிறது. 1811-12 நிலநடுக்கங்களில் காடு அமிழ்ந்து உண்டான ஏரி, இன்றும் தண்ணீருக்கடியில் அடிமரங்கள். அங்கே கிராப்பிக்கு ஏழடிக் கம்பை வைத்துக்கொண்டு எறிந்தால் மரத்தைத்தான் பிடிக்கலாம். தென் மாநிலங்களில் ஒருகாலத்தில் நாணல் மூங்கில் கம்புதான். பிறகு கண்ணாடி இழை வந்தது, 1970களில் கார்பன் வந்தது. பொருள் மாறியது, வடிவம் மாறவில்லை. இன்றும் 10 முதல் 14 அடி, லேசு, விறைப்பு. வசதி இல்லாமலா அவர்கள் நீளக் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்?

"கிராப்பியின் வாய் காகிதம் மாதிரி மெல்லியது, விறைப்பான கம்பு கிழித்துவிடுமே?" என்று ஒரு வாதம் உண்டு. வாய் மெல்லியது என்பது உண்மை. ஆனால் கிழிப்பது கம்பு இல்லை, வெடுக்கென்று சுண்டுகிற கை. தக்கை அமுங்கியதும் சுண்டாதீர்கள், தூக்குங்கள். நீளக் கம்பில் மணிக்கட்டை லேசாக உயர்த்தினாலே முள் ஏறிவிடும். விறைப்பு என்றால் நுனிவரை உலக்கை என்று அர்த்தமில்லை. கடைசிக் கண்ணி மட்டும் மெலிந்து வளையலாம், மீதி நிற்க வேண்டும்.

இதைத்தான் கடைகளில் குழப்புகிறார்கள். கம்பு எந்த இடத்தில் வளைகிறது என்பது ஆக்‌ஷன். எவ்வளவு பாரத்துக்கு வளைகிறது என்பது பவர். இரண்டும் வேறு. 'லைட்' என்று எழுதியிருந்தால் கம்பு எடை குறைவு என்றும் அர்த்தமில்லை, அது பவரைக் குறிக்கிறது. இங்கே சுலபமாகக் கிடைக்கும் சீன மடக்குக் கம்புகளில் 19, 28, 37 என்று ஓர் எண் இருக்கும். கம்பைப் பத்துப் பங்காக்கினால் 28-ல் நுனியின் இரண்டு பங்கு வளையும், எட்டு பங்கு நிற்கும். 19 அதைவிட விறைப்பு. 37 கொஞ்சம் நெகிழ்வு. நமக்கு 28 சரி. நீளம் 3.6, 4.5, 5.4 மீட்டர் என்று வரும். முதல் கம்புக்கு 4.5 போதும், அது ஏறக்குறைய 15 அடி.

'99% கார்பன்' என்ற பெரிய எழுத்தைக் கண்டு மயங்க வேண்டாம். இழைகளை ஒட்டவைக்கும் பிசின் இல்லாமல் கம்பே கிடையாது, அதை அந்தச் சதவீதத்தில் சேர்ப்பதில்லை. கடையிலேயே முழுதாக நீட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். இடுப்பருகே பிடித்து ஒரே ஒரு ஆட்டு ஆட்டி நிறுத்துங்கள். நுனி ஒன்றிரண்டு துடிப்பில் அடங்கினால் நல்ல கம்பு. ஜெல்லி மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால் மடக்கிக் கொடுத்துவிடுங்கள். பிறகு இரண்டு நிமிடம் ஒரே கையில் நீட்டிப் பிடியுங்கள். இரண்டு நிமிடம் வலித்தால் இரண்டு மணி நேரம் என்ன ஆகும்?

காசில்லையா? மூங்கில் இருக்கிறது. மெல்லிய மூங்கில் கிளைக்கு வங்காளியில் 'கஞ்சி' என்று பெயர் (குடிக்கிற கஞ்சி இல்லை!). மூங்கிலைவிடக் கஞ்சி உறுதி என்று பழமொழியே வைத்திருக்கிறார்கள். எடை கூடுதல்தான், ஆனால் அந்த ஏழடி விளையாட்டுச் சாமானைவிட நூறு மடங்கு மேல்.

"பெரிய மீன் மாட்டினால்?" நியாயமான கேள்வி. அறுந்துவிடும். அதனால்தான் தங்கூஸ் கம்பைவிட பலவீனமாக இருக்க வேண்டும், போவது நரம்பாக இருக்கட்டும். கட்லா, ரோகு விட்ட குளமென்றால் வீல் தூண்டில்தான் எடுக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. "தூரமாக எறிய முடியாதே?" முடியாது. காலடியில் நிற்கிற மீனுக்கு எதற்கய்யா நடுக்குளம்?

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நீளக் கம்பு மோசமானது. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். ஈர மூங்கிலும் நம்பத் தகுந்ததில்லை. 4.5 மீட்டர் கம்பை நிமிர்த்தினால் நுனி 6 மீட்டருக்குப் போகும். நம் நாட்டுக் குளக்கரைகளில் மின்கம்பி எவ்வளவு தாழத் தொங்கும் என்று உங்களுக்கே தெரியும். கம்பி உரசக்கூட வேண்டாம், உயரழுத்தக் கம்பிக்குக் கிட்டே போனாலே பாயும். பையைத் திறக்குமுன் வானத்தைப் பாருங்கள். மேலே கம்பி இருந்தால் அந்த இடம் வேண்டாம். இடி இடித்தால் மடக்கிவிட்டு வீட்டுக்குப் போங்கள். இதை எந்தப் பெட்டியிலும் பெரிய எழுத்தில் போட மாட்டான், '99% கார்பன்' மட்டும் கொட்டை எழுத்தில் போடுவான்.

அடுத்த முறை மூங்கில் கம்போடு யாரையாவது பார்த்தால் சிரிக்காதீர்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, எத்தனை அடி, எங்கே பிடிக்கிறார், எப்படி இறக்குகிறார் என்று பாருங்கள். கடையில் ரெண்டாயிரம் ரூபாய் கொடுத்தாலும் கிடைக்காத பாடம். சமயத்தில் ஒரு பீடிக்குக் கிடைக்கும்.

டிஸ்கி: குளம் யாருடையது என்று கேட்டு, அனுமதி வாங்கிவிட்டுப் போடுங்கள். அறுந்த தங்கூஸைச் சுருட்டிப் பையில் எடுத்து வாருங்கள். சொல்லிட்டேன், அவ்ளோதான்.