ரோடு போட்டுட்டு ஓட்டுங்க பாஸ்!

கார் ரேஸ் கேம்னா என்ன எதிர்பார்ப்பீங்க? ஸ்டார்ட் இருக்கும், ஃபினிஷ் இருக்கும், நடுவுல ரோடு இருக்கும். சரிதானே? நடுவுல ரோடே இல்லாத ஒரு ரேஸைப் பத்திதான் இந்த வாரம்.

கேம் பேரு 'டிராக்மேனியா'. பாரிஸைச் சேர்ந்த நாடியோங்கிற கம்பெனி 2003-ல் ஆரம்பிச்சது. 2006-ல் வந்த 'டிராக்மேனியா யுனைடெட்'ல நாலு வகை விளையாட்டு. ரேஸ் உங்களுக்கே தெரியும், விடுங்க. 'ஸ்டன்ட்ஸ்'ல பறந்து, சுழன்று, குட்டிக்கரணம் போட்டு பாயின்ட் சேர்க்கணும். 'பிளாட்ஃபார்ம்'ல நேரமே கணக்கில்லை. எத்தனை தடவை கீழே விழுந்து, கடைசி செக்பாயின்ட்ல இருந்து மறுபடி கிளம்பினீங்க என்பதுதான் கணக்கு. ஆமை வேகத்துல போனாலும் ஓகே, விழாம போகணும்.

நான் மயங்கினது 'பஸில்'லதான். ஸ்டார்ட், செக்பாயின்ட், ஃபினிஷ் மட்டும் அங்கங்கே நிக்கும். கையில நாலு துண்டு ரோடு, ஒரு வளைவு, ஒரு சரிவுன்னு அளந்துதான் கொடுப்பாங்க. அதை வெச்சு நீங்களே பாதை போட்டு, நீங்களே ஓட்டி, நேரத்துக்குள்ள முடிக்கணும். நாம போட்ட ரோடு மொக்கையா இருந்தா கான்ட்ராக்டரைத் திட்டவும் முடியாது!

காசு கொடுத்து வாங்கணுமேன்னு யோசிக்கிறீங்களா? 2008-ல் வந்த 'டிராக்மேனியா நேஷன்ஸ் ஃபாரெவர்' சுத்தமா ஃப்ரீ. ஸ்டேடியம் மட்டும்தான், ஆனா 65 டிராக். டவுன்லோட் ஒரு ஜி.பி. கூட வராது, பழைய கம்ப்யூட்டர்லயும் ஓடும். முதல் டிராக் ஏ01. அரை நிமிஷம்கூட ஆகாது. கோல்டு வாங்கிட்டு படுக்கலாம்னு ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தவன், டெலீட் பட்டனைத் தட்டித் தட்டி மறுபடி மறுபடி ஸ்டார்ட் பண்ணி, நிமிர்ந்தப்போ பால்காரர் வந்துட்டார். எதிராளி யாருன்னு நினைக்கிறீங்க? என்னோட பழைய ஓட்டமே ஆவி மாதிரி பக்கத்துல ஓடும். ஆன்லைன்ல மத்தவங்களோட ஓட்டினாலும் இடிச்சுத் தள்ள முடியாது, ஒரு கார் இன்னொரு காருக்குள்ள புகுந்து போயிடும். தோத்தா, 'அவன் இடிச்சுட்டான்'னு சொல்ல வழியே இல்லை.

இன்னொரு விஷயம். இந்த கேம்ல அதே பட்டனை அதே நொடியில அழுத்தினா, கார் அச்சு அசலா அதே மாதிரிதான் ஓடும். இதை வெச்சு ரசிகர்கள் ஒரு வேடிக்கை பண்ணாங்க. மேல்நோக்கி அம்புக்குறியை மட்டும் அழுத்திப் பிடிச்சா போதும், கார் தானா லூப் அடிச்சு, சுவத்துல ஏறி, பல்டி அடிச்சு ஃபினிஷ்ல போய் நிக்கும். அப்படி ஆயிரக்கணக்குல டிராக் கட்டியிருக்காங்க. அதுல ஒண்ணை என் ரூம்மேட் முன்னாடி ஓட்டிக் காட்டி ரெண்டு வாரம் டீ வாங்கிக் குடிச்சேன். ஒருநாள் ஒரு கையில வடையோட ஓட்டினேன் பாருங்க, மாட்டிக்கிட்டேன்.

என் கதை டீயோட போச்சு. 2021 மே மாசம் வெளிவந்த கதை பெருசு. ஒவ்வொரு சாதனை ஓட்டத்தோட ரீப்ளே ஃபைல்லயும், எந்த நொடியில எந்தப் பட்டன் அழுத்தினாங்கங்கிற விவரம் பதிவாகியிருக்கும். ரெண்டு ஆட்டக்காரங்க ஆயிரக்கணக்கான பழைய ரீப்ளேக்களைத் தோண்டிப் பார்த்தாங்க. சிலதுல, ஒரு நொடிக்குள்ள மனுஷ விரலால முடியவே முடியாத அளவு திருப்பல்கள்! கேமையே மெதுவா ஓடவிட்டு, நிதானமா ஓட்டி, அப்புறம் சாதாரண வேகத்துல ஓட்டின மாதிரி பதிவேத்தியிருக்காங்க. மாட்டினவங்கள்ல ரசிகர்கள் ஹீரோவா கொண்டாடின பெயர்களும் இருந்துச்சு. வருஷக்கணக்கா அசையாம நின்ன சாதனைகள் பட்டியல்ல இருந்து தூக்கப்பட்டன.

எனக்கு உறுத்தினது ரெண்டாவது இடத்துல நின்னவங்களைப் பத்திதான். ஒரு நொடியில நூத்துல ஒரு பங்குக்காக ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து, 'நமக்குத்தான் திறமை பத்தலை'ன்னு விட்டுட்டுப் போனவங்க எத்தனை பேரோ? பட்டியலைத் திருத்திட்டாங்க. ஆனா அந்த ராத்திரிகளை யார் திருப்பிக் கொடுக்கிறது?

2020 ஜூலையில வந்த புது 'டிராக்மேனியா'வும் ஆரம்பிக்க ஃப்ரீதான், முழுசா ஆடத்தான் காசு. அதுல நேரத்தை ஆயிரத்துல ஒரு பங்கு வரைக்கும் அளக்கிறாங்க. எனக்கு அந்த அளவுக்குத் தெம்பு இல்லை சாமி! ஏ01-ல நான் இன்னும் சில்வர்தான். உங்களுக்கு கோல்டு விழுந்தா சொல்லுங்க... ரீப்ளேவோட!