குடியை விரட்டிய தீவுக்குக் கொடியா?

வரப்பில் கல் நட்டவனுக்கன்று, உழுதவனுக்கே நிலம் என்பதைப் பாவூர்ச்சத்திரத்துச் சந்தைக்குக் காய் கொணரும் உழவனும் அறிவான். ஆங்கில அரசு அறியவில்லை!

இந்துமாக்கடல் நடுவிலுள்ள சாகோசுத் தீவுகளை 1965இல் மொரீசினின்றும் பிரித்த அவ்வரசு, தியேகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் அமையும்பொருட்டு, 1973க்குள் அம்மண்ணின் மக்கள் அனைவரையும் வெளியேற்றியது. அவர்தம் முன்னோருள் தென்னாட்டுக் கூலியாட்களும் உளர். பின்னர் 1990இல், ஆளற்ற அத்தீவுகட்குக் கொடி! நீலமும் வெள்ளையுமாய் அலைகள், மரமொன்று, அதனொடு ஆங்கில முடி. மரத்துக்கு இடமுண்டு, தென்னந்தோப்பு வளர்த்த மாந்தர்க்கில்லை.

துரத்துண்டவர் தமக்கெனத் தாமே கொடி வரைந்தனர்: செம்மஞ்சள், கருப்பு, நீலம். அதில் முடியில்லை.

2021இல் கடலில் தத்தளித்த ஈழத்தமிழர் அத்தீவிலேயே வேலிக்குள் அடைக்கப்பட்டனர். அது முறையற்ற சிறையென்று அவ்வாட்சிப்பகுதியின் முறைமன்றமே 2024 திசம்பரில் தீர்ப்பளித்தது.