கரைக்குப் பின்னால் நில்லுங்கள்

அரியலூர் மாவட்டம் கரைவெட்டி ஏரி ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த செய்தி 2024 ஜனவரி 31 அன்று வந்தது. நீலகிரியின் லாங்வுட் சோலையும் அதே அறிவிப்பில் இடம்பெற்றது. 1999-இல் இந்த ஏரி பறவைகள் சரணாலயமானபோது இது பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்தது. அரியலூர் 2007-இல் மீண்டும் தனி மாவட்டமானபோது ஏரியும் அதோடு போனது. ஆகவே இதில் இரண்டு மாவட்டத்துக்காரர்களுக்கும் உரிமை உண்டு, பொறுப்பும் உண்டு. சுமார் 454 ஹெக்டேர் பரப்பு. பதிவான பறவை வகைகள் 198. மேட்டூர் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக செப்டம்பரிலிருந்து வரத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ள, நவம்பர் வாக்கில் ஏரி நிரம்பும். அப்போது வரித்தலை வாத்து, ஊசிவால் வாத்து, நீலச்சிறகி எனத் தொலைதூர விருந்தாளிகள் வந்து இறங்குவார்கள். உலகப் பட்டியலில் பெயர் ஏறிய இடத்துக்கு மனிதக் கூட்டமும் வரும், வரட்டும், வரவேண்டும். அந்தக் கூட்டம் எங்கே நின்று பார்க்கப்போகிறது என்பதே என் கவலை. ஏரிக்கரையின் உச்சியில் வானத்தைப் பின்னணியாக வைத்து நிற்பதை நாம் நிறுத்த வேண்டும். கரைவெட்டிக்கு இன்று வேண்டிய முதல் வசதி, பார்ப்பவரைப் பறவையின் கண்ணிலிருந்து மறைக்கும் எளிய மறைப்புதான்.

மறைப்பைப் பற்றி மிக நுணுக்கமாக யோசித்தவர்கள் பறவை ஆர்வலர்கள் அல்லர், வேட்டைக்காரர்கள். வட அமெரிக்காவில் பழைய பாணி மரவில்லோடு மான் வேட்டைக்குப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அங்கே பருவமும் உரிமமும் வகுத்து அதைச் சட்டம் அனுமதிக்கிறது. துப்பாக்கிக்காரர் நூறு மீட்டருக்கு அப்பாலிருந்து சுடலாம். மரவில்லுக்கு இருபது மீட்டருக்குள் நெருங்கியாக வேண்டும். அதனால் விரித்தால் தானே நிமிர்ந்து நிற்கும் துணிக்கூடாரத்தைத் தரையில் நிறுத்தி அதற்குள் காத்திருக்கிறார்கள். அதைத் தேர்ந்தெடுக்க அவர்கள் பார்ப்பவை எல்லாம் அனுபவத்தில் பழுத்தவை. நீண்ட வில்லின் நுனி கூரையில் தட்டாத உயரம் வேண்டும். உட்புறம் கறுப்பாக இருக்க வேண்டும். உள்ளே இருப்பவரும் கறுப்பு உடுத்தினால் இருட்டோடு கரைந்துவிடுவார். முன் திறப்பைத் திறந்தால் பின் திறப்பை மூடியே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் தலையின் நிழலுருவம் தெரிந்துவிடும். துணி காற்றில் படபடக்கக் கூடாது, வெயிலில் மினுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கூடாரத்தை முன்கூட்டியே நிறுத்தி, சுற்றிலும் அந்த இடத்துத் தழையையே சொருகி, விலங்கு அதற்குப் பழகும்வரை விட்டுவைக்க வேண்டும். துணியில் இலையும் கிளையும் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குகிறவர் ஏமாறுவார். மறைப்பின் முதல் வேலை அசைவை மறைப்பது. துணியின் ஓவியம் அதற்கு அடுத்ததுதான்.

இந்தியாவில் இந்த வேட்டைக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்குக் கதவை மூடிவிட்டன. பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளக் கொல்லையைக் காட்டுப்பன்றி புரட்டிப்போடுவது விவசாயியின் உண்மையான வேதனை. அதற்கும்கூட, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்ற முறையைத்தான் தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. தனியாள் வில்லெடுக்க வழியில்லை. ஆனால், விலங்குக்குத் தெரியாமல் அதன் அருகில் இருப்பது எப்படி என்ற அறிவு கொல்வதற்கு மட்டும் உரியதல்ல. அந்த அறிவை வாங்கிக்கொண்டு வில்லை விட்டுவிடலாம்.

அந்த அறிவு கரைவெட்டிக்கு ஏன் வேண்டும் என்பதைப் பறவையின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். வாத்தின் கண்கள் தலையின் இரு பக்கவாட்டிலும் இருக்கின்றன. தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றி ஏறக்குறைய முழு வட்டத்தையும் அது பார்க்கிறது. நம் கண் மூன்று நிறக்கூறுகளைப் பிரித்தறிகிறது என்றால் பறவையின் கண் நான்கைப் பிரித்தறிகிறது. அந்தக் கண்ணுக்குக் கரையுச்சியில் நிற்கும் ஒரு மனித உருவம் வெள்ளைத்தாளில் வைத்த கறுப்புப் புள்ளி. கையைத் தூக்கினால் தெரியும், கேமராவை உயர்த்தினால் தெரியும். அடுத்து நடப்பதை எந்த ஏரியிலும் பார்க்கலாம். முதலில் நீந்திக்கொண்டிருக்கும் பறவைகளின் கழுத்துகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிமிரும். மேய்ச்சல் நிற்கும். நாமக்கோழிகள் தண்ணீர்மேல் காலால் அடித்துக்கொண்டு ஓட ஆரம்பிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் நம்மைப் பார்த்திராத பறவைகளும் எழும்பும். சில நிமிடங்களில் கூட்டம் முழுவதும் ஏரியின் மறுகோடிக்குப் போய் இறங்கும். பார்க்க வந்தவருக்கு அது அழகான காட்சி. கைதட்டி எழுப்பிவிட்டுப் படம் எடுப்பவர்களும் உண்டு. பறவைக்கு அது இழப்பு. வரித்தலை வாத்து இமயத்தைக் கடக்கும்போது 7,000 மீட்டருக்கு மேலும் பறந்திருப்பதைச் செயற்கைக்கோள் கருவிகள் பதிவு செய்திருக்கின்றன. அந்தப் பயணத்துக்கு வேண்டிய கொழுப்பைக் குளிர்கால மேய்ச்சலில்தான் அது சேர்க்கிறது. காரணமில்லாமல் எழுப்பிவிடும் ஒவ்வொரு முறையும் சேமிப்பிலிருந்து எடுக்கிறோம். மேயும் நேரத்தையும் பறிக்கிறோம்.

இதற்குத் தீர்வு நம் ஏரிகளின் அமைப்பிலேயே இருக்கிறது. ஏரிக்கரை என்பது ஆள் உயரத்துக்கும் மேலான நீண்ட மண்மேடு. உட்சரிவு தண்ணீர்ப் பக்கம், வெளிச்சரிவு வயல் பக்கம். பார்வையாளர் கரையின்மேல் நடக்காமல் வெளிச்சரிவின் அடியில் நடந்தால் ஏரியிலிருக்கும் எந்தப் பறவைக்கும் அவர் தெரியமாட்டார். குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் படி வைத்து மேலே ஏற்றி, அங்கே தென்னங்கீற்றும் மூங்கிலும் கொண்டு தட்டி கட்டி, பெரியவர் உயரத்துக்கும் குழந்தை உயரத்துக்கும் சிறு திறப்புகள் விட்டால் போதும். சர் பீட்டர் ஸ்காட் இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிட்ஜில் 1946-இல் நீர்ப்பறவை மையத்தைத் தொடங்கினார். மேட்டுக்குப் பின்னால் நடந்துபோய் மறைவிடத்திலிருந்து பார்ப்பதுதான் அங்கும் வழக்கம். அவர்கள் மேடு எழுப்ப வேண்டியிருந்தது. நமக்கு நம் முன்னோர் பாசனத்துக்காகக் கட்டிய மேடு ஆயத்தமாக நிற்கிறது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. கரை முதலில் பாசனத்துக்கானது. இந்த ஏரித் தண்ணீரை நம்பி நெல்லும் கரும்பும் பருத்தியும் விளைகின்றன. கரையில் ஆழக் குழிதோண்டிக் கம்பம் நடக் கூடாது. தட்டிகள் கரையைத் தோண்டாமல் தாமாக நிற்கும் சட்டங்களில் இருக்க வேண்டும். நீர்வளத்துறையையும் பாசன விவசாயிகளையும் கேட்டே இடம் முடிவாக வேண்டும்.

வேட்டைக்காரனின் தந்திரத்தைச் சரணாலயத்துக்குள் கொண்டுவருவதா என்று கேட்பார்கள். பறவைப் பாதுகாப்பின் வரலாறு இதற்கு நேரான பதில் தருகிறது. பீட்டர் ஸ்காட் இளமையில் வாத்து வேட்டைக்காரர். இங்கிலாந்தின் கியர்டன் சகோதரர்கள் பறவைகளைப் படமெடுக்கப் பாடம்செய்த மாட்டின் உடலுக்குள் ஒளிந்துகொண்டார்கள்; மாட்டை முன்னே நடத்தி அதன் மறைவில் நெருங்குவது நம் நாட்டில் பார்தி வேட்டைக்காரர்கள் கையாண்ட முறை. பீகாரின் மீர்ஷிகார் என்னும் பறவை பிடிப்போர் மரபில் வந்த அலி உசேன், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் கால்வளையமிடும் பணியில் ஆயிரக்கணக்கான பறவைகளைக் காயமின்றிப் பிடித்துக்கொடுத்தார். நமக்கு அருகிலிருக்கும் கோடியக்கரையில் நடந்த ஆய்வுகளுக்கும் அந்தக் கைத்திறன் அடித்தளம். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கரையில் மங்களாஜோடி என்ற கிராமத்தில் பறவை பிடித்து விற்றவர்களே பின்னர் காவலர்களாகவும் படகு வழிகாட்டிகளாகவும் மாறினார்கள். பெரம்பலூர் மாவட்டத்தில் எறையூரிலும் மலையப்ப நகரிலும் நரிக்குறவர் குடும்பங்கள் வாழ்கின்றன. பறவையின் குரலை அறிந்தவர்கள், அதன் வழக்கத்தை அறிந்தவர்கள் அவர்களின் மூத்த தலைமுறையினர். வேட்டையைச் சட்டம் நிறுத்தியபோது அந்த அறிவுக்கு வேறு வேலை எதையும் நாம் கொடுக்கவில்லை. பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கவே 2023 ஆகிவிட்டது. விருப்பமுள்ளவர்களுக்குப் பயிற்சியும் முறையான சம்பளமும் கொடுத்து மறைப்பு கட்டவும், வழிகாட்டவும், பருவக் கணக்கெடுப்பில் பங்கேற்கவும் அழைப்பது கருணை அல்ல. அந்த வேலைக்குத் தகுதியானவர்களை அழைப்பது.

இன்னொரு மறுப்பு இயல்பானது. காலையில் மாடு ஓட்டிப் போகிறவரும் மண்வெட்டியோடு மதகுக்குப் போகிறவரும் கரைமேல்தானே நடக்கிறார்கள், பறவைகள் எழும்பவில்லையே என்பது. அந்தக் கவனிப்பு சரியானது. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு. விவசாயி தன்போக்கில் ஒரே வேகத்தில் நடந்து கடந்துபோகிறார். ஏரியை நோக்கி இறங்குவதில்லை, நின்று வெறிப்பதில்லை, எதையும் தூக்கிக் குறிபார்ப்பதில்லை. நேராக நெருங்கி வந்து, நின்று, குனிந்து, நீண்ட குழாயை நீட்டுகிறவர்தான் வேட்டையாடும் விலங்கைப் போல நடந்துகொள்கிறார். உள்ளூர்க் கொக்குக்கும் நத்தைக்குத்தி நாரைக்கும் நம்மைத் தெரியும். மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வரும் வாத்துகள் வழியில் துப்பாக்கியைப் பார்த்துவிட்டு வருகின்றன. மனிதன் நின்று குறிபார்த்தால் என்ன அர்த்தம் என்பது அவற்றுக்குத் தெரியும்.

அப்படியானால் ஆளுக்கொரு கூடாரம் வாங்கிக்கொள்ளலாமே, இணையத்தில் கிடைக்கிறதே என்பவர்களுக்கு: பொதுமறைப்பும் தனிக்கூடாரமும் ஒன்றல்ல. இருபது பேர் இருபது கூடாரத்தோடு கரையில் இறங்கினால் அது புதிய தொந்தரவு. நேற்று இல்லாத உருவம் இன்று நிற்பதே பறவைக்கு மிரட்சி. சரணாலயத்துக்குள் படமெடுக்கவும் ஆய்வு செய்யவும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவின்படி அனுமதி வேண்டும். அதைவிட முக்கியமானது, பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அந்தச் சட்டத்தின் விளக்கத்தில் வேட்டைதான். கூட்டுக்கு அருகில் கூடாரம் போட்டுத் தாய்ப்பறவையை விரட்டியவர், கையில் ஆயுதமே இல்லாவிட்டாலும் அந்த வரையறைக்குள் வந்துவிடக்கூடும். கணக்கெடுப்புக்கோ ஆய்வுக்கோ அனுமதி பெற்றவருக்குத் தனிக்கூடாரம் தேவைப்படலாம். அவர் தேர்வு வில்வேட்டைக்காரரின் தேர்விலிருந்து ஓர் இடத்தில் மாறும். வேட்டைக்காரருக்கு உயரம் வேண்டும். ஆய்வாளருக்குத் தாழ்வு வேண்டும். உட்கார்ந்தால் கண் நீர்மட்டத்துக்கு அருகில் வரும்படியான குட்டையான கூடாரம், மண்நிறத்தில் மினுக்கமில்லாத துணி, இறுக்கிக் கட்ட நாலு பக்கமும் கயிறு, சிறிய தாழ்ந்த திறப்பு, அரியலூர் வெயிலைத் தாங்க மேலே காற்றுவழி. முந்தைய நாளே கட்டிவிட்டு, விடியுமுன் உள்ளே போய், பறவைகள் விலகிய பிறகே வெளியே வர வேண்டும். இந்தப் பொறுமை இல்லாதவருக்கு எவ்வளவு விலைகொடுத்த கூடாரமும் பயன்படாது.

கோபுரம் இருக்கிறதே, அது போதாதா என்பது கடைசிக் கேள்வி. வேடந்தாங்கல் தொடங்கி நம் சரணாலயங்களின் அடையாளமே காட்சிக் கோபுரமாகிவிட்டது. ஏரியின் விரிவைக் காட்ட அது நல்லது; பள்ளிப் பிள்ளைகளுக்கு முதல் வியப்பைத் தர அது வேண்டும். ஆனால் உயரத்தில் திறந்து நிற்பவர் எல்லாப் பறவைக்கும் தெரிகிறார். அவருக்குத் தெரிவது பறவையின் முதுகும் தூரமும் மட்டுமே. மறைப்புக்குள் குந்தி உட்காரும் பிள்ளைக்கு, நீலச்சிறகி நீரில் தலைகுனிந்து மேய்வதும், ஊசிவால் வாத்து வால் மேலாகக் கவிழ்வதும், கூழைக்கடாவின் தொண்டைப்பை அசைவதும் அருகில் தெரியும். மறைப்பைத் திருட்டு வேட்டைக்காரர்கள் பயன்படுத்துவார்களே என்ற அச்சமும் இருக்கிறது. இரவில் வலை விரிப்பவருக்குப் பார்வையாளர் தட்டி எந்த வகையிலும் தேவையில்லை. விடியுமுன் வழிகாட்டி வந்து உட்காரும் இடம் அவருக்கு இடைஞ்சலாகத்தான் இருக்கும்.

செலவு என்று பார்த்தால் இதற்கு வேண்டியது கீற்று, மூங்கில், படிக்கட்டு, ஒரு நடைபாதை, சில பேருக்குச் சம்பளம். கான்கிரீட் கோபுரத்துக்கு ஆகும் செலவை இது எட்டாது. வனத்துறையும் நீர்வளத்துறையும் ஏரிப்பாசன விவசாயிகளும் கூடிப் பேசினால், அடுத்த நவம்பரில் ஏரி நிரம்புவதற்குள் முதல் இரண்டு தட்டிகளையாவது நிறுத்திவிடலாம். அதுவரை, கரைவெட்டிக்குப் போகிற ஒவ்வொருவரும் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் செய்யக்கூடிய ஒன்று உண்டு. கரையுச்சியில் ஏறி நிற்காதீர்கள். வயல்பக்கச் சரிவில் நின்று, கண்ணை மட்டும் கரைக்குமேல் உயர்த்தி, கையசைக்காமல் பாருங்கள். பறவையை எழுப்பாமல் திரும்பி வந்தால்தான் நீங்கள் பறவையைப் பார்த்ததாகப் பொருள்.